சிங்கப்பூரில் நான் தொலைத்த வசனம்

ஈசூனில் தங்கை வீடு, பன்னிரண்டாவது மாடி. என் வாயில் காயா தடவிய ரொட்டி. தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய அந்தப் பசையை வாழ்நாளில் முதன்முறையாக ருசிக்கிறேன். அது தொண்டையில் இறங்குவதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த பெண் கேட்டுவிட்டாள்.

"பெரியம்மா, திரித்துவம்னு சொல்றாங்களே, அது பைபிள்ல எங்க இருக்கு?"

கேட்டவள் கவிதா. என் தங்கை எஸ்தரின் மகன் டேனியலுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞானஸ்நானம். பக்கத்தில் நிற்கச் சாட்சியாக ஒருவர் வேண்டும் என்று போதகர் சொல்ல, எஸ்தர் என்னைக் கைகாட்ட, பாளையங்கோட்டையைத் தாண்டி மதுரைக்கு மேல் போயிராத நான் அன்று காலைதான் சிங்கப்பூரில் வந்து இறங்கியிருந்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அதே முப்பது வருடம் சண்டே ஸ்கூல் டீச்சர். வேதத்தில் அக்காவை அசைக்க முடியாது என்று எஸ்தர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

நானோ காலையிலிருந்தே ஒரு மிதப்பில் இருந்தேன். மின்தூக்கி பேசுகிறது. ஜன்னலுக்கு வெளியே, பன்னிரண்டு மாடி உயரத்தில், மூங்கில் கழியில் பக்கத்து வீட்டுக்காரரின் பனியன் கொடிபோலப் பறக்கிறது. அரைவேக்காட்டு முட்டையில் சோயா சாற்றை ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொல்கிறார்கள்; குடித்தால் நன்றாக வேறு இருக்கிறது. இந்த நிலையில் திரித்துவமா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற அந்தப் பெரிய விஷயமா, கேள் மகளே, கேள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"எங்கன்னு கேக்கியா, என்னன்னு கேக்கியா?" என்றேன்.

"எங்கன்னு மட்டும் சொல்லுங்க. என்னன்னு அப்புறம் பாத்துக்கலாம் லா." பேச்சின் வாலில் 'லா' போடுவது இந்த ஊர்ப் பழக்கமாம்.

கவிதா மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பவள். எந்த முடிவையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அந்தச் சொல்லே வேதத்தில் இல்லை என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். அது எனக்கும் தெரிந்ததுதான். சொல் இல்லாவிட்டால் என்ன, என்னிடம் வசனம் இருக்கிறதே! யோவான் எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பரலோகத்தில் சாட்சி சொல்கிறவர்கள் மூவர், அந்த மூவரும் ஒன்று என்று சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் சொல்லும் வசனம். மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு அடுத்த ரொட்டியை எடுத்தேன்.

கவிதா கைப்பேசியைத் தடவினாள். மேலே போனாள், கீழே வந்தாள். "இல்லையே பெரியம்மா."

"அதெப்படி இல்லாம போகும்?"

"ஏழாவது வெர்ஸ் இருக்கு. நீங்க சொன்ன லைன் இல்ல. கீழ சின்னதா ஒரு குறிப்பு போட்டிருக்கு. பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இது கிடையாதாம்."

கைப்பேசியில் ஏதோ கோளாறு என்றேன். அவள் இன்னொரு மொழிபெயர்ப்பைத் திறந்தாள். அதிலும் இல்லை. புதிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைத் திறந்தாள். அதிலும் அடிக்குறிப்புதான். உடனே போதகரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் எந்தப் பதற்றமும் இல்லாமல் சொன்னார்: "ஆமா டீச்சர், அது பின்னாடி வந்து சேர்ந்ததுன்னுதான் சொல்றாங்க. யாரோ ஓரத்துல எழுதி வெச்ச விளக்கம் உள்ள வந்திருக்கலாம். அதை மட்டும் வெச்சு யார்கிட்டயும் வாதாட வேணாம்."

முப்பது வருடம்! எத்தனை பிள்ளைகளை அதை மனப்பாடம் செய்யவைத்திருப்பேன். தப்பில்லாமல் சொன்னவர்களுக்கு என் கையாலேயே பிளாஸ்டிக் சோப்பு டப்பா பரிசு கொடுத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் பாதி வீடுகளில் அந்த டப்பா இருக்கும். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வந்தது சிரிப்பு. நான் சிரித்தேன், கவிதா சிரித்தாள், அடுக்களையிலிருந்து வந்த எஸ்தர் என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் கவிதா முகம் மாறிற்று. "எனக்கு மட்டும்னா பரவால்ல பெரியம்மா. அப்பா கேட்டாரு. ஒரு சாமியை விட்டுட்டு மூணு சாமிகிட்ட போறியான்னு. ஒழுங்கா பதில் சொல்லு, ஞாயிற்றுக்கிழமை வரேன்னாரு. அம்மா போனதுக்கப்புறம் எனக்கு அவரு மட்டும்தான். அவரு வராம நான் தண்ணில இறங்க மாட்டேன்."

அன்று வியாழன். கையில் இருந்தது மூன்று நாள். கையில் இல்லாதது என் வசனம்.

வெள்ளிக்கிழமை மதியம், வேலை முடிந்து வரும் கவிதாவை லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் சந்திப்பதாக ஏற்பாடு. ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடை எடுக்க வேண்டும். ஈசூனில் ரயிலேறியதும் வேதத்தை விரித்தேன். போன வசனத்துக்குப் பதில் இன்னொன்று கிடைக்காதா என்று நிருபங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ரயில் நான்கு மொழிகளில் பேசியது. அதில் ஒன்று தமிழ்! ஊரில் என் மகிழ்ச்சியை யாரிடம் சொல்வது என்று யோசித்தேனே தவிர, அந்தத் தமிழ் என்ன சொல்கிறது என்று காதில் வாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வெளியே காடுபோல மரங்கள். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டியிடம், "லிட்டில் இந்தியா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ரயில் போகும் திசையைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். பின்னால் காட்டி, அங்கே என்றார். அடுத்த நிலையத்தில் என்னோடு இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் என்னை ஏற்றி, கதவு மூடும்வரை கையசைத்தார். எங்கள் ஊரில் தப்பான பேருந்தில் ஏறினால் நடத்துநர் திட்டுவார். இங்கே திட்டக்கூட யாரும் இல்லை, அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் தாமதமாகத் தேக்கா உணவங்காடிக்குள் நுழைந்தேன். கூட்டமான கூட்டம். ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது, நடுவில் யாரோ மறந்துபோன காகிதக் கைக்குட்டைப் பொட்டலம். உட்கார்ந்து, அதில் ஒன்றை உருவி வியர்வையைத் துடைத்தேன். தட்டில் பிரியாணியோடு ஒரு மனிதர் வந்து நின்று என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஊரில் அதை வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தமாம். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போடும் ஊரிலிருந்து வந்த எனக்கு இது புரியாமல் போனதே! மன்னிப்புக் கேட்டு எழுந்தேன். "உக்காருங்கம்மா, ஒரே டேபிள்தான, சேர்ந்து சாப்பிடலாம்" என்றார் அவர். அதற்குள் கவிதா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

துணிக்கடை பக்கத்துத் தெருவில். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அளவு நாடா. நான் நான்கு வார்த்தை பேசியதுமே, "நீங்க திருநெல்வேலிப் பக்கமா?" என்றார். அவருடைய வாப்பாவுக்குக் கடையநல்லூர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிங்கப்பூர்தான். ஆனாலும் பாளையங்கோட்டை என்ற பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. தேநீர் வரவழைத்தார். வெள்ளை உடை எதற்கு என்று கேட்டார். சொன்னோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்," என்றார். "நாங்க இறைவன் ஒருத்தன்னு சொல்றோம். நீங்களும் ஒருத்தருன்னுதான் சொல்றீங்க. பின்ன ஏன் மூணு பேரு? சின்ன வயசுலேர்ந்து கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டா சண்டைன்னு நெனச்சிடுவாங்கன்னு கேக்கல."

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. சண்டே ஸ்கூலில் சொல்லும் உதாரணத்தை எடுத்துவிட்டேன். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. மூன்றும் ஒன்றே.

பாய் வாயைத் திறக்குமுன் கவிதா திறந்துவிட்டாள். "அது சரியா வராது பெரியம்மா. ஒரே தண்ணி நேரத்துக்கு ஒரு மாதிரி மாறுது. ஆனா ஜோர்தான்ல இயேசு தண்ணிலேர்ந்து ஏறுறாரு, ஆவி புறா மாதிரி இறங்குது, பிதா வானத்துலேர்ந்து, இவர் என் நேச மகன், இவர்மேல பிரியமா இருக்கேன்னு பேசுறாரு. மூணும் ஒரே நேரத்துல நடக்குது. ஒருத்தரே வேஷம் மாத்தினா யாரு யாருகிட்ட பேசினது?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க வீட்டுப் பொண்ணே உங்களை மடக்குது லா!"

அடுத்து ஒரே ஆள் தகப்பனாகவும் மகனாகவும் கணவனாகவும் இருப்பதைச் சொன்னேன். அதற்கும் அதே பதில்தான் என்றாள். மூன்றாவதாக முக்கோணத்தை வரைய அவருடைய ரசீதுப் புத்தகத்தைக் கேட்டபோது பாய் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "டீச்சர், நான் உங்க பக்கம் வரப் போறதில்ல. அதை முன்னாடியே சொல்லிடுறேன். ஆனா உதாரணமே வேணாம். உங்க வேதத்துல எங்கெங்க இருக்கோ அதை அப்படியே காட்டுங்க. அதான் மரியாதை. உங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

முப்பது வருடத்தில் இவ்வளவு நல்ல புத்திமதியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. உடையை மடித்துக் கொடுக்கும்போது கவிதாவிடம், "அப்பாவுக்குப் பொறுமையா சொல்லும்மா," என்றார்.

சனிக்கிழமை காலை, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கல்மேசை ஒன்றைப் பிடித்தோம். காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை நான்தான் பெருமையாக வைத்தேன். அடுத்த மேசையில் இரண்டு பெரியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கவிதா ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தாள். உதாரணம் எதுவும் கிடையாது, உள்ளதை மட்டும் எழுதுவது என்று முடிவு.

முதல் வரியே இஸ்ரவேலுக்கு மோசே சொன்னது. கர்த்தர் ஒருவரே. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றாள் கவிதா. பிறகு இயேசுவை வார்த்தை என்றழைக்கும் யோவான் சுவிசேஷத்தின் தொடக்கம்: வார்த்தை தேவனோடு இருந்தது, அந்த வார்த்தை தேவனாகவும் இருந்தது. பிறகு தோமா. உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து, என் ஆண்டவரே, என் தேவனே என்று கூப்பிட்டான். அவர் அவனைத் தடுக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா பரிசுத்த ஆவியிடம் பொய் சொன்னான் என்ற பேதுரு, அடுத்த மூச்சிலேயே நீ தேவனிடம் பொய் சொன்னாய் என்கிறான். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தை முடிக்கும்போது பவுல் மூவரையும் ஒரே ஆசீர்வாதத்தில் சேர்த்து வைக்கிறான். அது ஆராதனை முடிவில் வாரம்தோறும் நான் கேட்டுவிட்டுச் செருப்பைத் தேடும் ஆசீர்வாதம்!

"இதையும் எழுதணும் பெரியம்மா," என்று கவிதா ஒரு வசனத்தைக் காட்டினாள். பிதா என்னைவிடப் பெரியவர் என்று இயேசு சொல்லும் இடம்.

"அது நமக்கு எதிரா இருக்கே," என்றேன்.

"எதிரா இருந்தாலும் இருக்குல்ல? சாம்பிள்ல பிடிக்காததை மட்டும் எடுத்துப் போட்டா என் வேலை போயிடும்."

எழுதினோம். மனிதனாக வந்தவர் பேசிய பேச்சு அது என்று சபை விளக்குகிறது என்றேன். சரி, அதையும் பக்கத்தில் எழுதுங்கள் என்றாள். கடைசியாக மத்தேயுவின் முடிவுக்கு வந்தோம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று இயேசு சீடர்களை அனுப்புகிறார். ஆயிரம் முறை வாசித்த இடம். விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்த கவிதாவின் விரல் நின்றது.

"நாமத்திலே. ஒருமை. மூணு பேரைச் சொல்லிட்டு நாமங்கள்னு ஏன் சொல்லல?"

கல்மேசையை நான் தட்டிய தட்டில் பக்கத்து மேசைப் பெரியவர் திடுக்கிட, அவர் கைபட்டு ஒரு குதிரையும் இரண்டு சிப்பாயும் உருண்டு விழுந்தன. பெரியவர்கள் சீன மொழியில் ஏதோ சொன்னார்கள். "அந்த அம்மாவுக்கு லாட்டரி விழுந்திருக்கும்" என்று சொன்னதாகக் கவிதா மொழிபெயர்த்தாள். விழுந்ததுதான்! ஒரு கணக்கில் விடையை யாரும் எழுதித் தராமல், தரவுகளை மட்டும் கொடுத்திருந்தால், எதையும் அடிக்காமல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருவர் என்பதையும் அடிக்க முடியாது, மூவர் என்பதையும் அடிக்க முடியாது. அப்படி அடிக்க மறுத்தவர்கள் தேடிப் பிடித்த சொல்தான் திரித்துவம் என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஈசூனில்தான் எனக்கு உறைத்தது. என் ஏழாம் வசனம் போனதில் ஒரு வருத்தமும் இல்லை. அது இருந்திருந்தால் மற்ற எதையும் நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

மதியம் பக்கத்து வட்டாரமான செம்பவாங்கில் கவிதா வீடு. கவிதாவின் அப்பா முருகையன், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் புளியும் வெந்தயமும் மணக்கும் மீன்தலைக் கறி. சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் மனைவியின் படம். "வாங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு, நான் போதும் போதும் என்க என்க மீனின் கன்னப்பகுதியைத் தோண்டி என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார். அதனால் பேச்சு ஆரம்பித்தபோது என் வாய் நிறைந்திருந்தது. நல்லதுதான்.

கவிதாவே பேசினாள். நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மூணு சாமி இல்லப்பா. சாமி ஒருத்தருதான். அது முதல் வரியிலேயே இருக்கு. ஆனா பிதாவும் சாமின்னு இருக்கு, குமாரனும் சாமின்னு இருக்கு, ஆவியும் சாமின்னு இருக்கு. ஒருத்தரு இன்னொருத்தரு இல்லன்னும் இருக்கு. எனக்கு முழுசா புரிஞ்சிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். எங்க இருக்குன்னு பாத்துட்டேன். நம்புறேன்."

முருகையன் கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். "நாளைக்கு எந்தப் பேரைச் சொல்லித் தண்ணில முக்குவாங்க?"

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலேன்னு சொல்வாங்க."

"பிதான்னா அப்பாதான?"

"ஆமாப்பா."

அவர் கரண்டியை வைத்தார். "அப்ப இனிமே எனக்கு என்ன வேலை?"

மூன்று நாளாக நாங்கள் தேடியதில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இந்த மனிதர் திரித்துவத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கவிதா "அப்பா" என்றபடி நோட்டை மூடினாள். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"சம்பந்தி, கடல்ல முங்கி எழுந்திரிக்கிற பிள்ளைக்குத் தலை துவட்ட ஆள் வேணும். எனக்கு எட்டாது. நல்ல பெரிய துண்டா எடுத்துட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. மீனின் கண்ணை எடுத்து அவள் இலையில் வைத்தார். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்று கீழே இறங்கும்போது கவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

ஞாயிறு காலை செம்பவாங் கடற்கரை. எங்கள் ஊரில் ஞானஸ்நானம் என்றால் கிண்ணத்திலிருந்து மூன்று கை நீர், குழந்தையின் ஒரு வீறல், முடிந்தது. இங்கே இடுப்பளவு கடல்! அலையே இல்லாத சமர்த்துக் கடல், அந்தப் பக்கம் மலேசியாவின் கட்டடங்கள் பளிச்சென்று தெரிகின்றன. சபையார் முப்பது பேர் மரத்தடியில் பாடத் தொடங்கியும் முருகையனைக் காணோம். கவிதா வெள்ளை உடையில் மணலில் நின்று வாகன நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் கடிகாரத்தைப் பார்க்காமல் இன்னொரு பாட்டு என்றார். பிறகு இன்னொன்று. நான்காவது பாட்டின் நடுவில் எஸ்தர் என் கையைக் கிள்ளினாள். நல்ல சட்டை, பளபளக்கும் செருப்பு, தோளில் போர்வை அகலத்துக்கு ஒரு நீலத் துண்டு. மனிதர் நேராக வந்து முன்வரிசையில் நின்றார்.

சாட்சி என்ற முறையில் நானும் இறங்கினேன். சேலை குடைபோல விரிந்து என்னைச் சுற்றி மிதந்தது. அதை அமுக்கிப் பிடிப்பதா, கவிதாவின் கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டேன். போதகர் அந்த நாமத்தைச் சொன்னார். ஒரே நாமம், மூன்று மூச்சு. கவிதா முங்கி, வாயில் உப்புத்தண்ணீரும் சிரிப்புமாக எழுந்தாள். முருகையன் கரையில் காத்திருக்கவில்லை. செருப்போடு முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டார். துண்டை அவள் தலையில் போட்டு, கப்பல் தளத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தார்.

"மெதுவாப்பா, வலிக்குது லா!"

"சும்மா நில்லு. காதுல தண்ணி போயிடும்."

படகுத்துறையில் தூண்டில் போட்டிருந்த ஒரு மலாய்க்காரர் இத்தனையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கிருந்தே ஏதோ சத்தமாகக் கேட்டார். முருகையன் துவட்டுவதை நிறுத்தாமல், அவரைவிடச் சத்தமாக மலாயில் பதில் சொன்னார். கடற்கரை முழுக்கக் கேட்டது. சபையார் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்ன கேட்டாரு, என்ன சொன்னாரு?" என்று ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே எஸ்தரிடம் கேட்டேன்.

"யாரு அந்தப் பொண்ணுன்னு கேட்டாரு அக்கா. என் மகள், நல்ல பிள்ளைன்னு சொல்றாரு."